நாலு விநாடி பொறுக்க முடியாத பெரிய மனுஷர்களுக்கு

கஸ்டமர் கேர் பையன் ஒருவன் போனில் திக்குவதைப் போட்டுச் சிரிக்கிறீர்களே, அந்த ஆடியோவை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்துவிட்டது, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு. என்னை வைத்துக்கொண்டே போட்டிருக்கிறோம் என்பது அனுப்பிய சித்தப்பாவுக்கு அப்புறம்தான் உறைத்திருக்கும் போல, டெலீட் செய்துவிட்டார்.

கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தக் கஸ்டமர் கேர் பையன் "உங்க ரீ... ரீ..." என்று ஆரம்பித்து அடைபட்டு நிற்கிறான். மிஞ்சிப்போனால் நாலு விநாடி. அதற்குள் இந்தப் பக்கத்து ஆள் "என்னப்பா, டவர் கிடைக்கலையா?" என்கிறார், பக்கத்தில் யாரோ கெக்கலிக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் எவ்வளவு பணம், என்றைக்கு அக்கவுண்டில் ஏறும், புகார் எண் என்ன என்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி முடிக்கிறான். அதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. "இவனையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது" என்று ஒரு கூட்டம். "கேலி பண்றது தப்புதான், ஆனா இந்த வேலைக்கு அவர் சரிப்பட மாட்டார்" என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தோடு எனக்குப் பேச்சே இல்லை. இரண்டாவது கூட்டம்தான் படித்தவர்கள், நியாயஸ்தர்கள், என் நண்பர்கள் பட்டியலிலேயே இருப்பவர்கள். அவர்களுக்குத்தான் இது.

அந்த மாதிரி எண்களுக்கு நீங்களும் கூப்பிட்டிருப்பீர்கள். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும், பாட்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருக்கிறோம். அந்த மெஷினை யார் வேலைக்கு எடுத்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு மனுஷன் ஒரு வார்த்தைக்கு நாலு விநாடி எடுத்தால் மட்டும் நம் நேரம் பொன்னாகிவிடுகிறது.

எனக்கும் திக்கும். நேரில் பழகியவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். சென்னை ஓஎம்ஆரில் ஒரு பிபிஓவில், அதாவது கால் சென்டரில், ஒரு மொபைல் கம்பெனிக்காகப் போனில் பேசுகிற வாய்ஸ் ப்ராசஸில்தான் என் முதல் வேலை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திக்குகிறவனுக்குப் போன் ஏன் கஷ்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கவில்லை. நேரில் என்றால் என் முகத்தைப் பார்ப்பீர்கள், முயற்சி செய்கிறேன் என்று புரியும். போனில் வெறும் மௌனம்தான் கேட்கும். "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" ஒவ்வொரு ஹலோவுக்கும் தொண்டை இன்னும் இறுகும். மாட்டுகிற வார்த்தையைக் கண்டால் வேறு வார்த்தைக்குத் தாவுவது எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே கைவந்த கலை. ஆனால் ஸ்கிரிப்டில் தாவ முடியாது. வணக்கம், கம்பெனி பேர், என் பேர், எல்லாம் அதே வரிசையில் வர வேண்டும். சொந்தப் பேர்தான் எங்களில் நிறையப் பேருக்கு எமன், அதற்கு மாற்று வார்த்தை கிடையாதே. அழைப்பில் யாரும் பேசாமல் இருந்தால், நாங்கள் பேசும் தரத்துக்கு மார்க் போடும் குவாலிட்டி ஷீட்டில் 'டெட் ஏர்' என்று மார்க் குறைப்பார்கள். நான் ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த விநாடிகள் எல்லாம் டெட் ஏர்.

அப்படியும் அந்த வேலையைச் செய்தேன், நன்றாகவே செய்தேன். என்னிடம் பேசியவர்கள் அதே புகாருக்குத் திரும்பக் கூப்பிடுவது குறைவு என்று என் டீம் லீடரே சொல்லியிருக்கிறார். காரணம் ஒன்றும் பெரிதில்லை, நான் அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழ மாட்டேன். குறுக்கே விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. ரீசார்ஜ் பண்ணிய பணம் போய்விட்டது, பேலன்ஸ் ஏறவில்லை. நான் பாதி வார்த்தையில் நிற்கிறேன், அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கிறது. "இருய்யா, இறக்கி வச்சிட்டு வந்துர்றேன்" என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். பாத்திரம் உருளுகிறது, யாரையோ திட்டுகிறார், குழாய் ஓடுகிறது. சாவகாசமாக வந்து "ம், சொல்லுய்யா" என்றார். நான் சொல்லி முடித்தேன், அவர் பணமும் திரும்பி வந்தது. இப்படித்தான் எல்லாக் கஸ்டமரும். கண்ணாடியைத் தேடுவீர்கள், பில்லைத் தேடுவீர்கள், "இந்தா பையன்கிட்ட தர்றேன்" என்பீர்கள், பையன் குளித்துக்கொண்டிருப்பான். நாங்கள் காத்திருப்போம். காத்திருப்பது இரண்டு பக்கமும் நடக்கிற விஷயம். எங்கள் நாலு விநாடி மட்டும்தான் வைரல் ஆகிறது.

"காசு கொடுக்கிறது கஸ்டமர்" என்பீர்கள். ஆமாம், பிரச்சினை தீருவதற்குக் காசு கொடுக்கிறார். செய்தி வாசிப்பைக் கேட்க இல்லை. மடமடவென்று பேசி மூன்று தடவை தப்பான டிபார்ட்மெண்டுக்கு மாற்றிவிடுகிறவர்களைப் பற்றி ஏன் ஒரு ஆடியோவும் வரவில்லை?

"108 ஆம்புலன்ஸில் இப்படி ஆள் போட்டால்?" என்று கண்டிப்பாக ஒருவர் வருவார். சரி, அங்கே விநாடிக் கணக்கு உண்டு, அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது ரீஃபண்ட் பணம் திரும்பி வருகிற விஷயத்தை.

"டைப் அடித்தே பதில் சொல்கிற சாட் ப்ராசஸ் கொடுக்கலாமே, அவருக்கும் நிம்மதி." இதுதான் இருப்பதிலேயே எரிச்சலூட்டும் அன்பு. அவன் கேட்டால் கொடுங்கள். நிறையப் பேர் கேட்பார்கள், அதில் தப்பே இல்லை. கேட்காதவனைப் பிடித்து டைப் அடிக்க உட்கார வைத்துவிட்டு "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கும் முறை என் பெஞ்சுக்கு வந்ததும் "நீ உட்காருப்பா, அடுத்தவன் வாசி" என்றார்களே, அதுவும் என் நல்லதுக்குத்தான். வசம்பை உரைத்து நாக்கில் தடவினார்கள், கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொன்னார்கள், எல்லாமே என் நல்லதுக்குத்தான். பாடினால் திக்காதே, பாடியே பேசு என்பது இன்னொரு ரகம், நம் சினிமாக் காமெடி கற்றுக்கொடுத்த வைத்தியம்.

இது பயத்தால் வருவது இல்லை, ஐயா. பயம் கூட்டும், அவ்வளவுதான். மூளை பேச்சுக்குத் தாளம் போடுகிற விதத்தில் இருக்கிறது விஷயம். பாகிஸ்தானில் திக்குகிறவர்கள் நிறைய இருந்த குடும்பங்களை ஆராய்ந்து, இதோடு தொடர்புள்ள மரபணுக்களை 2010-லேயே வெளியிட்டார்கள். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் சில லட்சம் பேர். அத்தனை பேரும் வாய் திறக்க வேண்டாத வேலை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்த வேலைகளின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் ஏதாவது செய்யும் என்று பார்த்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, பேச்சு மொழிக் குறைபாடும் உண்டு. அதன் விளக்கம் குரல்வளையை எடுத்தவர்கள், பக்கவாதம் மாதிரியான பாதிப்பால் மொழியை இழந்தவர்கள் என்று போகிறது, திக்குவாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆக, சர்டிபிகேட் கேட்டுப் போனால் நீ நல்லாத்தானே பேசுறே, இன்டர்வியூ போனால் கம்யூனிகேஷன் போதாது. அக்டோபர் 22 அன்று மட்டும் கம்பெனி மெயிலில் கடல்பச்சை ரிப்பன் வரும், விழிப்புணர்வு தினமாம்.

கடைசியாக ஒன்று, இதை இதுவரை எழுதியதில்லை. போன வருஷம் ஒரு பேங்குக்குப் போன் போட்டேன், கார்டை பிளாக் செய்ய. வெரிஃபிகேஷனுக்குப் பேர் கேட்டார் அந்தப் பெண். வழக்கம்போல முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். "சொந்தப் பேரைச் சொல்ல ஏன் சார் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றார். திக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதுவும் மாட்டிக்கொண்டது. "அக்கவுண்ட் ஹோல்டரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். என் கார்டு, என் பணம், என் பேர். அப்புறம் என் மனைவி பேசப்போய், அவர் அக்கவுண்ட் ஹோல்டர் இல்லை என்று அவருக்கும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பிராஞ்சுக்கு ஓடினேன். அந்தப் பெண்ணுக்குச் சரளமான தமிழ், சரளமான ஆங்கிலம், குவாலிட்டி ஷீட்டில் முழு மார்க் விழுந்திருக்கும். அன்றைக்கு மறுமுனையில் அந்த ஆடியோ பையன் இருந்திருந்தால் என் பேர் வருகிற வரைக்கும் லைனில் இருந்திருப்பான்.

அவன் வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்ட்டில் "ப்ப்ப்பதிவு அருமை" என்று இழுத்து டைப் அடிக்கிற ரசிகர்களை உடனே பிளாக் செய்வேன், அதற்கு எனக்கு நாலு விநாடிகூட ஆகாது.