எங்களுக்கு ஒரு 'ப', அவர்களுக்கு நாலு

போன வாரம் எங்கள் குடும்பக் குரூப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். கோட்டு போட்ட தம்பி ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "தாழ்வு மனப்பான்மைதான் உங்களுக்குப் பெட்ரோல். அட்லரே சொல்லியிருக்கார்" என்கிறார். கீழே சித்தப்பா கைதட்டுகிற பொம்மை நாலு போட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு போனது. குரூப்பில் போட்டால் சண்டையாகும் என்று இங்கே எழுதுகிறேன்.

அட்லர் என்றால் ஆல்ஃபிரட் அட்லர், ஆஸ்திரியாவின் மனநல டாக்டர். அவர் கதையில் அந்தத் தம்பி சொன்ன பாதி சரிதான். 1870-ல் வியன்னாவை ஒட்டிய ஊரில் தானிய வியாபாரி வீட்டில் பிறந்தவர். எலும்பு வலுவில்லாத ரிக்கெட்ஸ் நோய். நாலு வயதுவரை நடக்கவில்லை. கட்டுப்போட்டு பெஞ்சில் உட்காரவைத்திருக்க, எதிரே அண்ணன் சௌகரியமாக ஓடிக் குதித்துக்கொண்டிருந்தது அவருடைய முதல் ஞாபகங்களில் ஒன்று. தம்பி ஒருவன் பக்கத்துப் படுக்கையிலேயே செத்துப்போனான். அப்புறம் இவருக்கே நிமோனியா வந்து, பையன் தேறமாட்டான் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னது காதில் விழ, அப்போதே டாக்டராவது என்று முடிவெடுத்தாராம். பள்ளியில் கணக்கு வரவில்லை. செருப்புத் தைக்க அனுப்பிவிடுங்கள் என்றார் வாத்தியார். அப்பா கேட்கவில்லை. பையன் பிறகு கணக்கில் முதல் ஆளானான், 1895-ல் டாக்டராகவும் ஆனான்.

வீடியோ இங்கே முடிந்து கைதட்டல் கேட்கிறது. ஆனால் அட்லர் இங்கே முடிக்கவில்லையே!

பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் பெரியவர்கள் நடுவே குட்டியாகத்தான் இருக்கிறது, அதனால் தாழ்வுணர்ச்சி எல்லோருக்கும் உண்டு, அது நோயல்ல என்றார் அவர். அந்த உணர்ச்சி பிள்ளையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் அவருக்குக் கேள்வி. அடுத்தவர் தலைமேல் ஏறி நிற்கவா, அடுத்தவரோடு சேர்ந்து நிற்கவா? இரண்டாவதற்கு அவர் வைத்த ஜெர்மன் சொல்லைத் தமிழில் 'சமூக உணர்வு' என்று சொல்லலாம். மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டோடு, அவர் வீட்டில் நடந்த புதன்கிழமைக் கூட்டங்களில் ஒன்பது வருஷம் உட்கார்ந்துவிட்டு 1911-ல் பிரிந்த மனிதர். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக வேலைபார்த்துத் திரும்பிய பிறகு இந்தச் சமூக உணர்வைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். அதை உருவி எறிந்துவிட்டு வெறும் பெட்ரோலை மட்டும் விற்கிறார்கள். பெட்ரோல் நெருப்பு வைக்கவும் உதவும், இல்லையா?

இனி என் கதை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வரைபடத்தில் கேரளம், வாயில் தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது கோடு எங்களுக்குக் கிழக்கே விழுந்தது. வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. கேரளம் என்றதும் வருகிற மழை, பச்சை, படகு எதுவும் இங்கே கிடையாது. பனை, தென்னை, கடலைக்காடு, வறண்ட காற்று. அம்மா கடலை பறிக்கப் போவார். அப்பா தோப்பில் கூலி. நாலாவதுவரை நான் படித்தது தமிழ்ப் பள்ளியில். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு மலையாளம் தெரியாம என்ன பொழைப்பு" என்று அப்பா ஐந்தாவதில் மலையாள வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தமிழில் ஒரே ஒரு 'ப'. மலையாளத்தில் நாலு. எழுத்தில் நாலும் வேறு வேறாக இருக்கும், வாயிலும் வேறு வேறாக வரவேண்டும். ஒன்று உதட்டோடு நின்றுவிடும், ஒன்று வயிற்றிலிருந்து காற்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வலிமைக்கு ஒரு பலம், விளைவுக்கு இன்னொரு பலம். சேர்ந்த இரண்டாவது வாரம், எழுந்து பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகப் படித்தேன். டீச்சர் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் அதே. மூன்றாவது தடவை உதட்டின் மேலே வியர்த்தது ஞாபகம் இருக்கிறது. "பாண்டிக்கு எல்லாம் ஒந்நா" என்றார். வகுப்பே சிரித்தது.

'பாண்டி' என்றால் என்ன என்று வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்கவேண்டும். பாண்டிய நாட்டுக்காரன் என்பதற்கு மேல் அகராதியில் ஒன்றும் இருக்காது. சொல்கிற தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. கோயம்புத்தூரில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே நான் 'மலையாளத்துப் புள்ள'. அங்கே போனால் இது, இங்கே வந்தால் அது.

அன்றிலிருந்து வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருஷம் இருக்கும். கேள்வி கேட்டால் தலையாட்டுவேன். ஆஜருக்குக் கையைத் தூக்குவேன். தெரிந்த பதிலைக்கூடச் சொல்லமாட்டேன், அதில் 'ப' இருந்துவிட்டால்? வீட்டில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குக்கு முன்னால் நாலு 'ப'வையும் சொல்லிப் பார்ப்பேன். நாலாவது சரியாக வந்தால் சுடர் ஆடும். (இதை நானாகவே கண்டுபிடித்தேன். எந்த மொழியியல்காரரும் சொல்லித்தரவில்லை.)

ஆறாவது பாதியில் இருந்த சமயம் பக்கத்து வீட்டு ஆத்தா ஒரு காகிதத்தோடு வந்தார். வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்தது. "ஏனம்மிணி, நீ மலையாளப் பள்ளிக்கூடந்தான போற, இதுல என்னன்னு போட்டிருக்குதுன்னு பாரு" என்றார். வியர்த்தது. ஆனால் ஆத்தாவுக்கு எந்த 'ப'வும் தெரியாது. அவருக்கு வேண்டியது விஷயம். "கரம் அடச்ச ரசீது கொண்டுவரணுமாம்" என்றேன். "அப்படின்னா?" "தீர்வை கட்டின சீட்டு, ஆத்தா." "அட, அதா! வெச்சிருக்கறேன்" என்று முந்தானையிலிருந்து ஒரு கடலை உருண்டை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கரண்ட் பில், ரேஷன் கார்டில் பேர் தப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சொசைட்டிக் கடன் நோட்டீஸ். பத்தாவது போவதற்குள் 'சீட்டுப் படிக்கிற புள்ள' என்று பேர் வந்துவிட்டது. எந்த எழுத்து என்னை நிற்கவைத்துச் சிரித்ததோ அதே எழுத்தைத் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பிரித்துச் சொன்னேன். வகுப்பில் பேச்சு எப்போது திரும்பியது என்று துல்லியமாகத் தெரியவில்லை, ஆனால் திண்ணைக்குப் பிறகுதான்.

இதைத்தான் அட்லர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். குறையை ஈடுகட்டுவது பெரிய விஷயமில்லை, அதை எல்லோரும் செய்வார்கள். ஈடுகட்டிய பிறகு அந்தத் திறமை யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். இன்னொன்று, சமூக உணர்வு பிறவியில் ஒரு விதையாக இருந்தாலும் அதை வளர்த்தாகவேண்டும் என்கிறார். எனக்கு அதை வளர்த்தது எந்தப் புத்திமதியும் இல்லை. ஒரு கிழவி என்னை நம்பி நீட்டிய காகிதம்.

என் பெரியம்மா மகனுக்கு அப்படி யாரும் நீட்டவில்லை. அதே பள்ளிக்கூடம், அதே 'பாண்டி'. எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் போனார். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, மாடிவீடு, இரண்டு கார். வீடியோத் தம்பி பார்த்தால் மேடையேற்றிவிடுவார். ஆனால் அண்ணனோடு கால்மணி நேரம் உட்காரமுடியாது. ஓட்டலில் தண்ணீர் வைக்கத் தாமதமானால் "நான் யாருன்னு தெரியுமா" என்று ஆரம்பிப்பார். பட்டறையில் வேலைபார்க்கிற பீகார்ப் பையன்களை அவர் கூப்பிடுகிற விதத்தைக் கேட்டால் எனக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வரும். அவர் வாங்கிய அதே சொல்லைப் பெயர் மாற்றி அடுத்தவனுக்குக் கொடுக்கிறார். உயர்வு மனப்பான்மை என்று தனியாக ஒன்று கிடையாது, தாழ்வு மனப்பான்மை போட்டுக்கொள்கிற வேஷம் அது என்பது அட்லரின் கட்சி. அண்ணனைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. அதே அண்ணன், அம்மாவுக்கு ஆப்பரேஷன் என்றபோது ராத்திரியோடு ராத்திரியாகப் பணத்தோடு வந்து நின்றார். மனிதர்கள் ஒரே துணியில் தைத்தவர்கள் இல்லை.

என்னை மட்டும் நல்லவளாகக் காட்டிக்கொள்கிறேன் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் ஐந்தாம் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். மலையாளப் பெண். பேச்சு பேச்சாக இருக்கும்போது அந்த 'ப' நாளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது வேறு. "நீ ஆரோடும் மிண்டில்லல்லோ, பயங்கர கெத்தாயிருந்நு" என்று சிரித்தாள். யாரோடும் பேசாத திமிர்காரி! ஒன்றரை வருஷம் நான் பயந்து சுருண்டுகிடந்தது எதிர்ப் பெஞ்சுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். வகுப்பே சிரித்ததா, நாலு பேர் சிரித்தார்களா? அட்லரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. சின்ன வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம், பயத்தைப் போக்க அதன் குறுக்கே பலமுறை ஓடி ஓடிப் பழகினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெரியவரான பிறகு பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டால், அந்த வழியில் கல்லறைத் தோட்டமே கிடையாதே என்றாராம்! அதற்காக அவர் ஞாபகங்களைத் தூக்கிப்போடவில்லை. வருகிறவர்களிடம் முதல் ஞாபகம் என்ன என்றுதான் கேட்பார். நடந்ததா இல்லையா என்பதைவிட, எதை எடுத்துப் பத்திரப்படுத்தினாய் என்பதில் ஆள் தெரிவான் என்பது கணக்கு.

அட்லரோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. போருக்குப் பிறகு வியன்னாவில் பிள்ளைகளுக்கான ஆலோசனை மையங்களை ஆரம்பித்தார். 1934-ல் மூடப்படும்வரை நடந்தன. அங்கே ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார். ஒரு பிள்ளையின் சிக்கல் எல்லோருடைய சிக்கலும் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். இருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்ற ஐந்தாம் வகுப்புக்காரியாக எனக்கு அது ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய சண்டை வேறு. சோனிக்கால், திக்குவாய் போன்ற குறை ஒரு பிள்ளையின் உடம்பில் இருக்கிறது. எனக்கு என்ன குறை? என் நாக்கில் ஒன்றும் கோளாறு இல்லை, அது தமிழ் நாக்கு. குறை என்று பேர்வைத்தது வெளியே. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதுவும் 1956-ல் சேர்த்ததுதான். கேரளத்தில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதெல்லாம் காகிதத்தில் இருக்க, ஆத்தா கையில் இருந்த காகிதம் மலையாளத்தில்தான் வந்தது. இந்த மாதிரி இடத்தில் "உன் தாழ்வு மனப்பான்மையை நீதான் ஜெயிக்கணும்" என்று பிள்ளையிடம் சொல்வது, மேடு பள்ளமான ரோட்டைச் சரிசெய்யாமல், தடுக்கி விழுகிறவனின் காலைத் திட்டுவது மாதிரி. அட்லர் சோஷலிசம் பேசிய மனிதர், அவரே இதை ஒத்துக்கொண்டிருப்பார். வீடியோத் தம்பிதான் ஒத்துக்கொள்ளமாட்டார்.

இப்போது திண்ணைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். போனைக் காகிதத்துக்கு நேரே பிடித்தால் தமிழில் வந்துவிடுகிறது. நல்லதுதானே என்று வாய் சொல்கிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் என்னவோ உறுத்துகிறது. இத்தனை வருஷம் நான் படித்துச் சொன்னது அவர்களுக்காகவா, 'சீட்டுப் படிக்கிற புள்ள' என்ற பேருக்காகவா? உண்மையைச் சொன்னால், கலந்துதான் இருக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு என்று அளந்துபார்க்கத் துணிச்சல் வரவில்லை.

முந்தாநாள் ஆத்தாவின் பேரன் போனோடு வந்தான். வில்லேஜ் ஆபீஸ் காகிதம். "அக்கா, போன் என்னமோ உளறுது" என்றான். வாங்கிப் பார்த்தேன். 'கை மூடிய ரசீது கொண்டுவரவும்' என்று இருந்தது. கரம் என்றால் கையாம், அடைப்பது என்றால் மூடுவதாம்.

"தீர்வை கட்டின சீட்டுடா" என்றேன். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.