கதாபாத்திரத்தின் பெயரை யார் அறிந்திருக்கிறார்கள்?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நடத்திச்செல்லும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களில் ஒரு கதாபாத்திரம் ஈட்டும் பெயரையும் பழியையும் ஒரே எண்ணாகக் குறித்துவைப்பது கதையைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தங்கள் மேசைக்கெனத் தனி விதி வகுப்பவர்கள் பலர், நல்லது செய்தால் ஒரு புள்ளி கூட்டுவது, தீயது செய்தால் ஒன்று கழிப்பது என்றுதான் தொடங்குகிறார்கள். விளைவாக, மலைக்கு அப்பால் யாரும் பார்க்காமல் நடந்த கொலைக்காக இந்த ஊர்க் கொல்லன் மறுநாளே வாளின் விலையை ஏற்றிவிடுகிறான். அவனுக்குச் செய்தி எப்படி எட்டியது?

அச்சில் வந்த விதிகள் இதில் கூடுதல் கவனத்துடன் இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலில் உள்ள ‘ரெனவுன்’ (நற்பெயர்) என்னும் விருப்ப விதி, ஒவ்வோர் அமைப்பிடமும் தனிக்கணக்கு வைக்கச் சொல்கிறது. பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் ஒவ்வொரு தரப்புடனும் உள்ள உறவு −3 முதல் +3 வரை அமைகிறது; −3 என்றால் போர். ஆர்தர் மன்னரின் கதைகளை ஒட்டிய பெண்ட்ராகன் ஆட்டம் ‘குளோரி’யை, அதாவது புகழை, ஒரே தொகையாகச் சேர்க்கிறது என்றாலும், வீரப்புகழே வாழ்வாகக் கொண்ட ஆர்தரின் வீரர்களுக்கு அது பொருந்தவே செய்கிறது.

நான் பரிந்துரைக்கும் விதி, எண்ணுக்கு முன் ஒரு வாக்கியத்தை எழுதிவைப்பது. ‘பாலத்தைக் காத்தவள்’, ‘கோயில் பொன்னைத் தொட்டவன்’ என்று அந்த ஊரார் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதி, அதைக் கண்டவர் யார், செய்தி எந்த ஊர்வரை போயிருக்கிறது என்பதையும் அருகில் குறிக்க வேண்டும். சாட்சி இல்லாத செயலுக்குப் பெயரும் இல்லை, பழியும் இல்லை. வணிகர் கூட்டம் அடுத்த ஊரை அடையும்போதுதான் செய்தியும் அடையும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பதால், போகும் வழியில் ஒரு விவரமாவது திரிய வேண்டும். திருடன் செய்ததை அவனுடன் நின்ற பாலடின் என்னும் அறவீரன்மீது ஏற்றிச் சொல்லும் வதந்தியிலிருந்து ஒரு முழு அமர்வுக்கான கதை கிடைத்துவிடும், அதுவும் எந்த அட்டவணையும் இல்லாமல்.

பகடையில் கூட்டும் எண்ணாக இந்தப் பெயரை உடனே மாற்றுவதையும் நான் ஏற்கவில்லை. எதிரில் இருப்பவர் அந்தச் செய்தியைக் கேட்டிருந்து, அதைப் பொருட்படுத்துபவராகவும் இருந்தால் மட்டுமே அனுகூலமோ பிரதிகூலமோ தர வேண்டும். ஆட்டக்காரர்கள் கண்ணில் படும்படி இந்தக் குறிப்புகள் மேசைமேலேயே இருக்கட்டும். வதந்தி பொய்யாக இருந்தால், அதை மறுப்பதா அல்லது அதன் பயனை அனுபவிப்பதா என்று அவர்களே தீர்மானிக்கலாம்.