வழியா, வலியா?

மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன். பார்க்கக் கிளம்பிய தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி: 'வி ஏ எல் ஐ', பக்கத்தில் 'தெரியல'. மாமாவுக்கு வலி தெரியவில்லை என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். இவனோ ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் அரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறான்!

தமிழை ஆங்கில எழுத்தில் எழுத அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும், தமிழில் அடித்தால் 70தான். பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். சரி, தங்லிஷ் பிறந்தது நியாயம். இப்போது வாயால் சொன்னாலே போன் தமிழில் அடித்துக் கொடுக்கிறதே?

சுருக்குவதில் எனக்குக் கோபமில்லை. தந்தியிலும் சொல்லுக்குக் காசு என்று சுருக்கினோம், கடிதம் என்றால் முழுசாகத்தான் எழுதினோம். இப்போது விடுப்புக் கடிதத்திலேயே 'காய்ச்சள்' வருகிறது. ஒற்று விட்டுப்போவதை நான் கேட்பதே இல்லை. கேட்டால், "புரிஞ்சுதுல்ல, அப்புறம் என்ன?"

நேற்று தம்பி 'பி ஏ எல் ஏ எம்' வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். பாலம் வாங்கும் அளவுக்கு என்னிடம் காசில்லை.