அவர் மெக்கானிக்தான்

ஞாயிற்றுக்கிழமை மிலிட்டரி மாமாவின் நினைவஞ்சலிக் கூட்டத்தில் நடந்ததை இங்கே இருக்கிற பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் வீடியோவில் பார்த்தீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. அதற்கு முந்தைய நாள் நான் போட்ட இரண்டு வரிப் பதிவுக்கு வந்த வசவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். "எங்கள் தெரு மெக்கானிக், மிலிட்டரி மாமா காலமானார்" என்று எழுதியிருந்தேன். அதற்கு ஒரு தம்பி, "தேசத்தைக் காத்த வீரரை மெக்கானிக் என்று எழுத கூசவில்லையா மேடம்?" என்று கேட்டார். நூற்றுக்கணக்கான லைக். சிலர் என்னை தேசத்துரோகி வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள்.

கூசவில்லை தம்பி. அவர் மெக்கானிக்தான்.

1976இல் பட்டாளத்தில் சேர்ந்தார், 1993இல் ஹவில்தாராக வெளியே வந்தார். பதினேழு வருஷம். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தத் தகரக் கொட்டகையில், கறுத்துப்போன கையோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நம்ம வண்டிகளைப் பார்த்தார். பதினேழு பெரிசா, முப்பது பெரிசா? சரி, வருஷக் கணக்கு வேண்டாம். பட்டாளத்தில் என்ன செய்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் இருந்தது இ.எம்.இ., பட்டாளத்து வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கிற பிரிவு. செகந்திராபாத்தில் வண்டி வேலை படித்து, சக்திமான் லாரிக்கும் ஜோங்கா ஜீப்புக்கும் அடியில் படுத்து எழுந்தவர். அங்கேயும் மெக்கானிக்தான்!

கூட்டத்துக்கு வைத்த பிளெக்ஸைப் பார்த்தீர்களா? கையில் ஏகே 47, பின்னால் டாங்கி, தலைக்கு மேல் போர் விமானம். ஹவில்தாருக்குக் கையில் மூன்று பட்டை. பிளெக்ஸ்காரர் தோளில் மூன்று நட்சத்திரத்தை ஒட்டி, செத்த பிறகு மாமாவைக் கேப்டன் ஆக்கிவிட்டார். பதவி உயர்வு கொடுக்க டெல்லிக்கே அத்தனை வருஷம் ஆகும், நம்ம ஊரில் ஒரு ராத்திரி போதும். இத்தனையும் வைத்தவர்களுக்கு ஒரு ஸ்பேனர் வைக்க இடமில்லை. கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். ஒருத்தர் வாயிலும் கடை என்ற சொல் வரவில்லை.

"அவருக்கே பட்டாளம் என்றால் பெருமைதானே, மீசையைப் பார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். பெருமைதான், யார் இல்லை என்றது. கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தார். லடாக்கில் லே பக்கம், பனி, ஒரு ஜோங்கா, அதன் பக்கத்தில் ஒல்லியாக இவர். அந்தப் போட்டோவைக் காட்டி அவர் சொன்ன கதையில் எதிரியே வரமாட்டான். விடியற்காலையில் இன்ஜின் ஆயில் இறுகிக் கிடக்கும், அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடு காட்டி வண்டியைக் கிளப்புவோம் என்பார். "என் வண்டி ஒரு நாளும் கிளம்பாம நின்னதில்லம்மா." பெருமை அதில்தான் இருந்தது. துப்பாக்கியைப் பற்றி நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை.

என்னுடைய பழைய ஸ்கூட்டி பெப் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு கடையில் பத்தே நாளில் இரண்டு தடவை பணம் பிடுங்கி, "கார்புரேட்டரே போச்சு, மாத்தணும்" என்று விட்டார்கள். பெண் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் சில கடைகளில் கண் எப்படி மின்னும் என்று ஆண்களுக்குத் தெரியாது. மாமாவிடம் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, அதை இன்ஜின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைக் கிக்கரை உதைக்கச் சொன்னார். "பாரு, மஞ்சளா வருது. நீலமா வரணும்." புது பிளக் போட்டார், நீலமாக வந்தது. பழையதை ஒரு துண்டுப் பேப்பரில் மடித்து என் கையில் கொடுத்தார். எந்தச் சாமான் மாற்றினாலும் பழசைக் கையில் கொடுக்காமல் அனுப்பமாட்டார். பட்டாளத்து ஸ்டோரில் பழசைக் காட்டினால்தான் புதுசு தருவானாம், அந்தப் பழக்கம். கூலி வாங்கவில்லை. இதுக்குப் போய்க் கூலியா என்றார்.

இதை ஏன் மேடையில் ஒருத்தரும் சொல்லவில்லை? மெக்கானிக் என்றால் கேவலம். அதுதான் விஷயம், வேறு ஒன்றும் இல்லை. கிரீஸ் படிந்த கையோடு ஒரு மனுஷனை மதிக்க நமக்கு வராது. யூனிஃபார்ம் போட்டால் வரும்.

"உங்களுக்கு ராணுவம் என்றாலே ஆகாது" என்று இன்னொருத்தர். எங்கள் வேலூர் பக்கத்தில் பிறந்தவளிடம் இதைச் சொல்கிறீர்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற ஜில்லா இது. என் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் பரண் மேல் கிடக்கிறது. போய் வேறு ஆளைப் பாருங்கள்.

"வீட்டுக்காரர்களே சம்மதித்துத்தானே பிளெக்ஸ் வைத்தார்கள்?" அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் நாலு பேர் டிசைனை நீட்டினால் அவன் தலையாட்டாமல் என்ன செய்வான்?

சரி, வீரம் வீரம் என்கிறீர்களே, நானும் கேட்கிறேன். இவர் இலங்கைக்குப் போனார் தெரியுமா? 1987இல் ஒப்பந்தம் போட்டு அனுப்பினார்களே அமைதிப்படை, அதில் இவரும் ஒருத்தர். யாழ்ப்பாணம் பக்கத்தில் பலாலியில் வண்டி வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம்ம சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். அங்கே இருந்த தமிழ்ச் சனம் பட்ட பாடு அதைவிடப் பெரிது, அதையும் சேர்த்தேதான் சொல்கிறேன். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் நியாயம் இருந்தது என்பது என் வாதம், அதற்குத் தனியாகச் சண்டை போடலாம். ஆனால் நடுவில் மாட்டியது இந்த மாதிரி ஆட்கள். அங்கே "நம்ம பாஷை பேசுறவங்க வீட்டு முன்னால யூனிஃபார்ம்ல நின்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் கேட்டால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஊருக்கு வந்தபோது பிளெக்ஸ் இல்லை, மாலை இல்லை. எங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார். அப்போது எங்கே போயிருந்தது உங்கள் சல்யூட்?

ஓய்வு பெற்றதும் கடை வைக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்கு நடையாய் நடந்தார். ஜாமீன் போட ஆள் கேட்டார்கள். பட்டாளத்துக்காரர் ஆச்சே என்று ஒருத்தரும் கையெழுத்துப் போட வரவில்லை. அத்தையின் வளையலை வைத்துத்தான் கம்ப்ரஸர் வந்தது. 2015 ஆகஸ்டில் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த வயசான சிப்பாய்களை போலீஸ் பிடித்துத் தள்ளியதே, மாமா அதை டீக்கடை டிவியில் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற இன்றைய தேசபக்தர்கள் சேனலை மாற்றச் சொன்னார்கள். உங்களுக்கு அவர் ஞாபகம் வந்ததெல்லாம் மிலிட்டரி கேன்டீன் கோட்டா சரக்குப் பாட்டிலுக்குத்தான். கல்யாணம், காதுகுத்து என்றால் "மாமா, ரெண்டு கிடைக்குமா?" அப்போது மட்டும் அவர் வீரர்.

2020இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கார்புரேட்டர் போய் சென்சார் வந்தபிறகு புது வண்டிகளெல்லாம் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விட்டன. பழைய டிவிஎஸ் 50, ஸ்பிளெண்டர் வைத்திருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். அதிலும் "அடுத்த மாசம் தரேன் மாமா" கூட்டம்தான் பாதி. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்பார், கேட்கமாட்டார். அந்த நோட்டை நேற்று அத்தை என்னிடம் காட்டினார். பிளெக்ஸில் வட்டத்துக்குள் சிரிக்கிற முகங்களில் நாலைந்து அதில் இருக்கின்றன. பேர் போடமாட்டேன், பயப்படாதீர்கள்.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபத்தில் எழுதியதுதான், அழித்துவிட்டு நிதானமாக எழுது என்று யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கொட்டகையில் இன்னும் ஆறேழு வண்டிகள் நிற்கின்றன, மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சாவி அத்தையிடம். நோட்டில் உள்ள பாக்கியைக் கொடுத்துவிட்டு எடுங்கள். கூசவில்லையா என்று கேட்ட தம்பி, உங்கள் பல்சருக்கு மாமா கிளட்ச் பிளேட் மாற்றி வைத்திருக்கிறார். பழைய பிளேட்டைப் பேப்பரில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது, அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.