அரை மணி நேர வேலையாமே, பெல்ட் மாற்றுவது!

பழைய காருக்கு பெல்ட் மாற்றுவது அரை மணி நேர வேலை என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் அவர் கையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு எந்தப் பக்கமும் திரும்புகிற, விரல் நுனியில் கண் முளைத்த கையாகத்தான் அது இருக்கும். என்னிடம் இருப்பது சாதாரணக் கை. அதன் புறங்கையில் இப்போது பாதித் தோல்தான் மிச்சம்.

எந்த பெல்ட் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "டைமிங் பெல்ட்டா? அதையெல்லாம் வீட்டில் தொடாதே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருப்பது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். நான் சொல்வது வெளியே ஓடுகிற பெல்ட்டுகள். எஞ்சின் சுழற்றும் கிராங்க் புல்லி என்கிற சக்கரத்திலிருந்து, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாவற்றையும் சுழற்றுபவை. இவையும் லேசுப்பட்டவை இல்லை. வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், பின்னாடியே எஞ்சின் சூடேறும். அதற்கப்புறமும் வண்டியை ஓட்டினால் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்கிற அடைப்புக்கு ஆயுள் முடிந்தது.

எனக்குக் கோபம் பெல்ட் மேல் இல்லை. அது ரப்பர், தேயும். என்றாவது ஒருநாள் மாற்றத்தான் வேண்டும் என்பது எஞ்சினை வரைந்தவர்களுக்கும் தெரியும். இத்தனை கிலோமீட்டரில் சோதித்துப் பார், மாற்று என்று கையேட்டில் எழுதியதே அவர்கள்தானே? அதை எழுதிய கையோடு, எஞ்சினைக் குறுக்காகச் சொருகி, புல்லிக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்கூட விடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தால் பெல்ட் நன்றாகத் தெரியும். தெரிவதோடு சரி. தொட வேண்டுமென்றால் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்தைக் கழற்றி, அதற்குள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்ற வேண்டும். (ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்களிடம் நான் பேசவே தயாராக இல்லை.)

அந்த மறைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இருக்கிறதே, அவற்றை வடிவமைத்தவருக்கு மனிதர்கள் மேல் ஏதோ பழைய பகை. நடுவில் இருக்கும் ஊசியை இழுத்தால் கழன்று வரும் என்பது ஏட்டுச் சுரைக்காய். வெயிலும் சேறும் பட்டு மரத்துப்போன பிளாஸ்டிக் எப்படி இழுபடும்? ஊசியின் தலை உடைந்து கையோடு வரும், உடம்பு உள்ளேயே கிடக்கும்.

சரி, உள்ளே போயாயிற்று. இப்போது வரிசைப் பிரச்சினை. பழைய வண்டிகளில் ஒரே பெல்ட் கிடையாது. ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று. கிராங்க் புல்லியில் ஒன்றின் முன்னால் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எது தேய்ந்து கத்துகிறதோ அதுதான் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும். அதை எடுக்க, ஒரு குறையும் இல்லாத வெளிப் பெல்ட்டுகளை எல்லாம் தளர்த்திக் கழற்ற வேண்டும். சில எஞ்சின்களில் இன்னும் விசேஷம். எஞ்சினை பாடியோடு பிடித்திருக்கும் மவுண்ட், பெல்ட் போகிற வளையத்துக்கு நடுவிலேயே நிற்கும். ஒரு ரப்பர் வளையத்தை வெளியே எடுக்க, மொத்த எஞ்சினையும் அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கிப் பிடித்து மவுண்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். இதை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து நாலு பேர் பார்த்திருப்பார்கள், "ஆமாம், நல்லாயிருக்கு" என்று தலையாட்டியிருப்பார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வேறு வழி தெரியாத காலம் என்றால்கூட மன்னித்துவிடலாம். 1979-லேயே ஃபோர்டு மஸ்டாங்கில் எல்லாவற்றையும் சுற்றி ஓடும் ஒரே நீளப் பெல்ட் வந்துவிட்டது. இப்படிப் பெல்ட் ஓடும் பல வண்டிகளில், அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரில் ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினால் பெல்ட் தளரும், விட்டால் தானே இறுகும். அந்த நீளப் பெல்ட் வந்து எத்தனையோ வருஷம் கழித்து வெளிவந்த என் வண்டிக்கு, ஆல்டர்னேட்டரை நகர்த்திப் பெல்ட்டை இறுக்க, நீளத் துளை போட்ட ஒரு இரும்புப் பட்டையும் ஒரு போல்ட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆல்டர்னேட்டர் போல்ட்டுகளுக்கு வருகிறேன். மேலே இருக்கும் பூட்டு போல்ட் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். அதை மட்டும் தளர்த்திவிட்டு ஆல்டர்னேட்டர் அசையவில்லையே என்று முக்கிக்கொண்டிருப்போம். கீழே, எக்ஸாஸ்டுக்கும் பின்னால், யாரும் பார்க்காத இருட்டில் இன்னொரு நீள போல்ட் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அது தளராமல் ஒன்றும் நடக்காது. ராட்செட்டை மாட்டினால் திருப்ப இடம் இருக்காது, ஒரு பல் நகர்ந்தவுடன் எதிலாவது முட்டி நிற்கும். வருஷக்கணக்கில் துரு பிடித்த தலை வேறு. அறுகோண சாக்கெட் இல்லாமல் பன்னிரண்டு முனை ஸ்பேனரால் முறுக்கினால் தலை உருண்டுவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து ஊறவிட வேண்டும். அரை மணி நேரக் கணக்குச் சொல்பவர்கள் இந்த இரவை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

இதற்கு நடுவே பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆல்டர்னேட்டர் பின்பக்கத்து தடித்த வயரில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் ஒரு முனை அதிலும் மறுமுனை பாடியிலும் பட்டால் தீபாவளிதான்.

புது பெல்ட் வாங்குவது தனிக் கூத்து. பெல்ட் முதுகில் 4பிகே855 என்பதுபோல எழுதியிருக்கும். நாலு வரிப் பல், பிகே என்கிற பல் அளவு, 855 மில்லிமீட்டர் நீளம். இதைவிடத் தெளிவாக ஒரு பொருளுக்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் மாற்றுகிற அளவுக்குப் பழசான பெல்ட்டில் அந்த எழுத்துதான் முதலில் அழிந்திருக்கும். கடையில் வண்டிப் பெயரைச் சொன்னால் எந்த வருஷம், ஏசி உண்டா, பவர் ஸ்டியரிங் உண்டா, எஞ்சின் நம்பர் என்ன என்று விசாரணை நடக்கிறது. எல்லாம் சொன்ன பிறகும் ஒரு சுற்று நீளமானது வருகிறது. மாட்டினால் ஆல்டர்னேட்டர் துளையின் கடைசி வரைக்கும் போய் முட்டுகிறது, பெல்ட் மட்டும் தொளதொள என்று தொங்குகிறது. "ஓடினால் சரியாகிவிடும்" என்கிறார் விற்றவர். எப்படி ஐயா? ரப்பர் ஓட ஓட நீளுமா, சுருங்குமா?

புல்லி மேல் பெல்ட் ஏறவில்லை என்றால் பாதி விளிம்பில் மாட்டிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டச் சொல்லும் மேதைகள் இருக்கிறார்கள். விரல் போய்விடும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டியை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். அதற்கு முன், போல்ட்டெல்லாம் தளர்ந்துதான் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி நேரம் அதற்கும் அவசியம் இருக்காது.

இப்போது டென்ஷன், அதாவது பெல்ட்டின் இறுக்கம். இங்கேதான் எனக்குத் தலைக்கு மேல் ஏறுகிறது. "கட்டை விரலால் அழுத்திப் பார், கொஞ்சம் அமுங்கினால் போதும்." யார் கட்டை விரல்? எவ்வளவு கொஞ்சம்? கையேட்டில் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது: இரண்டு புல்லிக்கு நடுவே சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் இத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும், புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிய பெல்ட்டுக்கு வேறு அளவு. அந்த 10 கிலோவை, கையே நுழையாத இடத்தில், எதை வைத்து அளப்பது என்றுதான் போடவில்லை. தளர்வாக விட்டால் பெல்ட் வழுக்கும், சூடேறி பளபள என்று கண்ணாடி மாதிரி ஆகிக் கத்தும். பயந்துகொண்டு இறுக்கினால் சத்தம் போய்விடும், கூடவே ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் போகும். எல்லாம் சரியாக வந்த நிமிஷத்தில் பூட்டு போல்ட்டை முடுக்கினால், முடுக்குகிற வேகத்தில் ஆல்டர்னேட்டர் நூலிழை திரும்பி, பார்த்துப் பார்த்து வைத்த அளவு கெட்டுவிடும். நெம்புகோல் போட்டு மிதமிஞ்சி நெம்பினால் ஆல்டர்னேட்டர் கூடு அலுமினியம், விரிசல் விடும்.

சத்தத்துக்கு வைத்தியம் சொல்பவர்கள் இன்னொரு ரகம். சோப்பைத் தேய், பவுடர் போடு, ஸ்பிரே அடி. ஒட்டுகிற ஸ்பிரே தூசியைப் பிடித்துப் பள்ளத்தில் சேர்த்துவைக்கும், நாலு நாளில் சத்தம் திரும்ப வரும். ஓடுகிற பெல்ட்டின் பல் பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். சத்தம் ஒரு கணம் நின்று திரும்பினால் பெரும்பாலும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, கூடினால் டென்ஷன் போதவில்லை. இதைச் செய்ய ஒருவருக்கும் பொறுமை இல்லை, சோப்பு மட்டும் எல்லார் கையிலும் இருக்கிறது.

"வெடிப்பே இல்லையே, எதற்கு மாற்றுகிறாய்" என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெடிப்பைப் பார்த்து முடிவு செய்வது பழைய நியோபிரீன் ரப்பர் காலத்துப் பழக்கம். இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற வேறு வகைச் செயற்கை ரப்பர். அது சுலபத்தில் வெடிக்காது, டயர் மாதிரி பள்ளத்துக்குள் தேயும். மேலே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், புல்லியில் ஆழமாக இறங்கிப் பிடிப்பு விட்டிருக்கும். மழையில் நனைந்ததும் ஏன் கத்துகிறது என்று நினைக்கிறீர்கள்?

ஆக எல்லாம் முடிந்தது. மவுண்ட் மாட்டியாயிற்று, மறைப்பு மாட்டியாயிற்று, உடைந்த கிளிப்புகளுக்குப் புதுசு போட்டாயிற்று, சக்கரமும் இறுக்கியாயிற்று. கையேட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் படிக்கிறேன்: புது பெல்ட் கொஞ்ச நேரம் ஓடியதும் இளகும், மறுபடி டென்ஷனைச் சோதித்துச் சரிசெய்யவும். இதை முதல் வரியில் போட்டிருந்தால் நான் அந்த மறைப்பை மாட்டியிருப்பேனா?