645 அர்த்தம்: யார் போட்ட கணக்கு?

"ரன் என்கிற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 645 அர்த்தம்" என்று ஒரு பதிவு அடிக்கடி சுற்றுகிறது. கீழே பாதிப் பேர் அடேயப்பா என்ன வளம் என்று வாய் பிளக்கிறார்கள், மீதிப் பேர் இதையெல்லாம் எப்போது படித்து முடிப்பது என்று தலையில் கை வைக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் கட்சி.

எண் பொய்யில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு வினைச்சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்த கணக்கு அது. 2011-இல் பரவலாகப் பேசப்பட்டது. அதற்கு முன்பு அதிகப் பொருள் கொண்ட சொல் என்று செட் (set) பெரிய ஆளாக இருந்தது. 1989-இல் வந்த அதே அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள், அவற்றை விளக்கவே சுமார் 60,000 சொற்கள்.

சரி, ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? ஆறும் ரன் ஆகிறது, சளி பிடித்த மூக்கும் ரன் ஆகிறது, திறந்துவிட்ட குழாயும் ரன் ஆகிறது. இதை மூன்றாக எழுதலாம், வழிந்தோடுதல் என்று ஒன்றாகவும் எழுதலாம். அகராதிக்காரர் முடிவுதான் அது. பள்ளிப் பிள்ளைகளின் கையடக்க அகராதி அதே சொல்லைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது.

நம் 'ஓடு' மட்டும் என்னவாம்? பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போனாள், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறது, பரீட்சை ஹாலில் மூளை ஓடவில்லை. யாராவது பட்டியல் போட்டா படித்தோம்? (கூரை ஓட்டை இதில் சேர்க்காதீர்கள், அது வேறு சொல். குழு என்று பொருள்படும் செட்டும் அப்படித்தான், பிரெஞ்சு வழியாக வந்தது. வைப்பதைச் சொல்லும் செட் பழைய ஆங்கிலம். சுற்றுகிற பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன.)

ரன் இவ்வளவு பெருத்ததில் இயந்திரங்களுக்கும் பங்கு உண்டு. ரயில், மில், அப்புறம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் என்று கால் இல்லாததெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. தேர்தலில் அமெரிக்கர் ரன் பண்ணுவார், பிரிட்டனிலோ நம்மைப்போல நிற்பார்கள்.

அதனால்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் ரன் இன்டு, ரன் ஓவர், ரன் அவுட் என்று தாள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கிரிக்கெட் ரன் அவுட்டைத் தெரிந்த பையனிடம் வீட்டில் காபிக்குப் பால் தீர்ந்துபோனாலும் அதையேதான் சொல்வார்கள் என்று ஒரு முழு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். தாளில் மீதி இருக்கிற முப்பதும் அவனுக்கு இப்போதைக்கு வேண்டாம்.