256 பிட் சாவி மட்டும் போதாது

ஏஇஎஸ் (AES) என்ற என்கிரிப்ஷன் முறையில் படங்களைப் பூட்டுவது பற்றி, "ஏஇஎஸ் 256 போட்டாச்சுன்னா போதும், எந்த மோடில் போட்டாலும் படம் பத்திரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஇஎஸ் 256 வலுவானது என்பது சரி, எந்த மோடிலும் பத்திரம் என்பது தவறு.

ஏஇஎஸ் ஒரே மூச்சில் முழுப் படத்தையும் பூட்டுவதில்லை. 16 பைட் துண்டுகளாகத்தான் வேலை செய்யும். அந்தத் துண்டுகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் மோட். இசிபி (ECB) என்ற மோடில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் பூட்டப்படுவதால், ஒரே மாதிரித் துண்டு உள்ளே போனால் ஒரே மாதிரித் துண்டுதான் வெளியே வரும். படங்களில் வெள்ளைப் பின்னணி, ஒரே நிறப் பரப்பு என்று இப்படித் திரும்பத் திரும்ப வருவது ஏராளம். லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குவினை இசிபியில் பூட்டிக் காட்டும் படத்தைத் தேடிப் பாருங்கள்: நிறம்தான் மாறியிருக்கும், பென்குவின் அப்படியே உட்கார்ந்திருக்கும்! சாவி 128 பிட்டோ 256 பிட்டோ, இதில் வித்தியாசமே இல்லை.

ஜேபெக் போலச் சுருக்கிய கோப்பில் உருவம் இவ்வளவு பளிச்சென்று தெரியாதுதான். அதற்காக இசிபி பாதுகாப்பாகிவிடாது.

இது வெறும் பாடப்புத்தகக் கதையும் இல்லை. ஜூம் செயலி வீடியோவை 128 பிட் ஏஇஎஸ்ஸில், அதுவும் இசிபி மோடில் அனுப்பியதை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2020 ஏப்ரலில் வெளியிட்டது. அப்புறம்தான் ஜூம் 5.0 பதிப்பில் 256 பிட் ஏஇஎஸ், ஜிசிஎம் (GCM) என்ற வேறு மோடில் வந்தது.

நீங்களும் ஜிசிஎம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும், இசிபியில் அதுவும் கிடையாது. ஆனால் ஒரே சாவியோடு ஒரே நான்ஸை (nonce, ஒவ்வொரு முறை பூட்டும்போதும் புதிதாகக் கொடுக்க வேண்டிய எண்) இரண்டு படங்களுக்குப் போட்டுவிடாதீர்கள்.